அங்கே இன்னும் யாருக்கு வேலை இருக்கிறது?

பினாங்குக்குப் படிக்க வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே ஊர் சுற்றி முடித்துவிடுவார்கள். ஆர்மீனியன் தெருவில் நிஜ சைக்கிள் பதித்த சுவரோவியத்தின் முன்னால் ஒரு படம், பினாங்கு மலை ரயில், கெக் லோக் சி கோயில், வரிசையில் நின்று ஒரு தட்டு ‘நாசி கண்டார்’ சோறு. அதோடு சரி. அப்புறம் சனிக்கிழமை வந்தால் துணி துவைப்பது, தூங்குவது, வீட்டுக்கு வீடியோ கால் பேசுவது. நான் குறை சொல்லவில்லை. ஆய்வு மாணவன் வாழ்க்கையில் தூக்கமே பெரிய சுற்றுலாதான்.

என் கதை கொஞ்சம் வேறு மாதிரி போனதற்குக் காரணம் என் அப்பாயி. நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள். அப்பாயி தலைமுறைக்குப் பினாங்கு வெளிநாடே இல்லை. துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறினால் வருகிற ஊர். சென்னையிலிருந்து கிளம்புகிற ‘ரஜூலா’ நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். அதற்கு அடுத்து ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது. பினாங்கில் சயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அப்பாயி கேட்டது ஒன்றுதான்: “அங்கயும் நாகூராருக்கு ஒரு தர்கா இருக்காமே, போனதும் பாத்துட்டு வந்து சொல்லு.”

அதனால் சுவரோவியத்துக்கு முன்பே நான் பார்த்தது சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கிற முனையில் இருக்கும் நாகூர் தர்கா ஷெரீப். 1800-களின் தொடக்கத்தில் நம் கரையிலிருந்து போன வணிகர்களும் மாலுமிகளும் கட்டியது. அவ்லியா அடங்கியிருப்பது நாகூரில்தான். இங்கே இருப்பது அவர் நினைவாக ஓர் இடம் மட்டும். சிறிய கட்டடம். அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கடையில் ஒரு பெரியவர் சொங்கோக் தொப்பி தைத்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஊரு தம்பி?”

“நாகப்பட்டினம் பாய்.”

“அப்ப நாகூர்னே சொல்லலாமே, எதுக்கு சுத்தி வளைக்கிறீங்க?” என்று சிரித்துவிட்டு, “பசியாறியாச்சா?” என்றார்.

காலைச் சாப்பாட்டைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்கள். அவர் கேட்டபடியே ஊசியை இழுத்தார். வெளியே ஒரு வழிகாட்டி ஒலிபெருக்கியில் இருபது பேருக்குத் தர்காவின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் யாரும் கடைக்காரரைப் பார்க்கவில்லை. அவரும் அவர்களைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பழைய ஊர் எதற்குப் போனாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். இந்த இடத்தில் இன்னும் யாருக்காவது வேலை இருக்கிறதா? டிக்கெட் கிழிக்கிற வேலையைச் சொல்லவில்லை. இந்த இடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலை. இதை வைத்துக்கொண்டு சுற்றினால் புத்தகத்தில் மூன்று நட்சத்திரம் வாங்கிய சில இடங்கள் சப்பென்று ஆகிவிடும். பெயரே போடாத சில இடங்களில் அரை நாள் உட்கார்ந்துவிடுவோம்.

இந்தக் கேள்விக்கு முழுத் தோல்வி லெம்பா பூஜாங் என்கிற பள்ளத்தாக்கு. ஆனாலும் ஒரு தமிழ் மாணவன் இந்தப் பக்கம் வந்துவிட்டுக் கடாரத்தைப் பார்க்காமல் போவது சரியில்லை. பட்டர்வொர்த்துக்குப் படகில் கடந்து, கொமுட்டர் ரயிலில் சுங்கை பட்டாணி போய், அந்த ஊர்க்கார நண்பரின் மோட்டார் சைக்கிளில் மெர்போக் வரை போனோம். ஜெராய் மலை அடிவாரத்தில் அருங்காட்சியகம். அதன் மேட்டில் ‘சண்டி புக்கிட் பத்து பகாட்’ என்கிற கோயில் அடித்தளம். 1960-ஐ ஒட்டி அலஸ்டெயர் லாம்ப் என்ற ஆய்வாளரின் குழு கல் கல்லாக அடுக்கி நிறுத்தியது. கருங்கல் மேடை, தூண் நிற்க வேண்டிய இடங்களில் குழிந்த கற்கள். மேலே இருந்த மரமும் கூரையும் எப்போதோ மக்கிப் போய்விட்டன. பக்கத்தில் ஓடை சத்தம். எங்களைத் தவிர ஒரு மலாய்க் குடும்பம் சுற்றுலாப் பாயை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ராஜேந்திர சோழன் 1025-ஐ ஒட்டிக் கடற்படை அனுப்பிய கடாரம் இந்த வட்டாரம்தான். நண்பருக்கு அந்தப் படையெடுப்பைப் பற்றிப் பேசத்தான் ஆசை. எனக்கு அதற்கு இருபது வருடம் முன்னால் நடந்த காரியம்தான் பிடிக்கும். ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன் காலத்தில், இந்தக் கடாரத்து அரசர் பெயரால் எங்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழும்பியது. அதற்கு ஆனைமங்கலம் என்கிற ஊரையே சோழன் எழுதி வைத்தான். அந்தச் செப்பேடு பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. மெர்போக்கில் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து இதைச் சொன்னபோது நண்பர், “அப்ப எங்க ராஜா உங்க ஊர்ல கோயில் கட்டுனாரு, உங்க ராஜா வந்து எங்க ஊர அடிச்சாரு. நல்லாருக்கு லா உங்க நியாயம்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

2013-இல் இந்தப் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் கொடுத்திருந்த சண்டியை, அதாவது பழைய கோயிலை, வீட்டுமனை போடுகிறவர்கள் இடித்துத் தள்ளினார்கள். மலேசியாவில் பெரிய சத்தம் எழுந்தது. அந்தச் செய்தியைச் சொல்லும்போது நண்பருக்கு இன்னும் கோபம் வருகிறது. நான் கூடச் சேர்ந்து கோபப்படலாம்தான். ஆனால் சூடாமணி விகாரத்தில் மிஞ்சி நின்ற கோபுரத்தை 1867-இல் அரசு அனுமதியோடு இயேசு சபைப் பாதிரியார்கள் இடித்தது எங்கள் ஊரில்தான். அந்த நிலத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான செப்புப் புத்தர் சிலைகளில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் விகாரம் இருந்த இடத்தைக் காட்டு என்றால் என்னால் ஒரு சுவரைக்கூடக் காட்ட முடியாது. அந்த வகையில் மெர்போக் எங்களைவிடப் பரவாயில்லை. அடித்தளமாவது இருக்கிறது.

தெற்கே போகிற ரயிலில் தைப்பிங் முதலில் வரும். மழைக்குப் பேர் போன ஊர். நாங்கள் போன அன்றும் அதன் பேரைக் காப்பாற்றியது. ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880-களில் ஏரிப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம் நாட்டிலேயே பழையது. 1885-இல் மலாயாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தத் தண்டவாளம் இப்போது இல்லை. பூங்காவில் மட்டும் ஊர் ஜனம் ஓடுகிறது, நடக்கிறது, மழைமரங்களுக்குக் கீழே காதலிக்கிறது. அது போதும்.

ஈப்போவுக்கு வருகிறவர்கள் ரயில் நிலையத்தைப் பார்த்ததும் வாய் பிளப்பார்கள். வெள்ளை மாளிகை, குவிமாடம், நீண்ட தாழ்வாரம். ஹப்பேக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்து 1917-இல் முடிந்தது. கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் (1910) மஸ்ஜித் ஜாமெக்கும் (1909) அவர் வரைந்தவைதான். கோலாலம்பூர் நிலையத்தின் வேலையைப் பெரும்பாலும் கே.எல். சென்ட்ரல் எடுத்துக்கொண்டது, அந்தப் பெரிய கூரைக்கடியில் கொமுட்டர் ரயிலுக்குக் காத்திருக்கிற சிலரைத்தான் பார்த்தேன். ஈப்போவில் இன்னும் அத்தனை ரயிலும் நிற்கிறது, அம்மாக்கள் மகன்களை வழியனுப்புகிறார்கள். ஒரே கை வரைந்த இரண்டு கட்டடம். எனக்கு ஈப்போதான் அழகாகத் தெரிந்தது. கட்டடக் கலை படிப்பவர்கள் அடிக்க வரலாம்.

ஆனால் ஈப்போவில் நான் சொல்ல நினைப்பது அதுவல்ல. அங்கிருந்து பத்து காஜா போகிற வழியில் கெல்லீஸ் காசல். சமூக ஊடகத்தில் பேய் மாளிகை என்று ஓடுகிற இடம். பேய்க் கதையை விட்டுவிட்டால் கதை இன்னும் நன்றாக இருக்கும்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்டத்தில் சம்பாதித்தவர். 1915-இல் தன் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோட்டை வீடு கட்டத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம். அதில் மின்தூக்கி வைக்கத் திட்டம். கட்டுவதற்குச் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களைக் கொண்டுவந்தார். சுவரின் வளைவுகளைப் பார்த்தாலே நம் ஊர்க் கை தெரிகிறது. அப்புறம் ஸ்பானிஷ் காய்ச்சல் வந்தது. உலகம் முழுவதும் ஆளைக் கொன்ற அந்தக் காய்ச்சல் இங்கேயும் வேலையாட்களை வாரிக்கொண்டு போயிற்று. பயந்துபோனவர்கள், பக்கத்தில் மாரியம்மனுக்கு ஒரு கோயில் கட்டினால்தான் சாவு நிற்கும் என்று துரையிடம் கேட்டார்களாம். அவரும் கட்டிக் கொடுத்தார். 1926-இல் கெல்லி ஸ்மித் ஐரோப்பா போனவர் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துபோனார். மின்தூக்கி வாங்கத்தான் போனார் என்று இங்கே சொல்கிறார்கள். மனைவி தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மாளிகை பாதியில் நின்றது.

இன்று மாளிகைக்கு நுழைவுச்சீட்டு உண்டு. செங்கல் தெரிகிற அறைகள், ஏறி இறங்கினால் முடிந்துவிடும். ஒரு நாள்கூட அவர் நினைத்தபடி அங்கே யாரும் குடியிருக்கவில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் ஜன்னலில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எங்களைக் கொண்டுவந்த கார் ஓட்டுநர், நம்மவர், “கோயிலப் பாக்காம போறீங்களா?” என்று கேட்டார். ஒன்றரை கிலோமீட்டர்தான்.

கோயிலில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. மேலே சுதைச் சிற்பங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். வெள்ளைக் கோட்டு, தொப்பி, விறைப்பாக. சாமிகளுக்குப் பக்கத்தில் கெல்லி துரை. கோயில் கட்டிக் கொடுத்ததற்கு நன்றியாகத் தொழிலாளர்கள் வைத்தது என்கிறார்கள். அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். தனக்காக அந்த மனிதர் கட்டிய மாளிகையில் வௌவால்தான் குடியிருக்கிறது. ஆட்களுக்காக வேண்டாவெறுப்பாகக் கட்டினாரோ, மனசோடு கட்டினாரோ, அந்த இடத்தில் தினமும் விளக்கு எரிகிறது, அவர் உருவத்துக்கும் சேர்த்துச் சாயம் பூசுகிறார்கள். அர்ச்சகரிடம், துரைக்கும் பூஜை உண்டா என்று கேட்டேன். “அவருக்கு எதுக்குப் பூசை, அவரு பாத்துக்கிட்டு நிக்கிறாரு, அவ்வளவுதான்” என்றார். சுண்டல் கொடுத்தார்கள்.

கோலாலம்பூரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பத்துமலையின் 272 படிகளைப் பற்றி எழுதாத தமிழ் வலைப்பதிவே இல்லை. ஒன்று மட்டும். பத்துமலைக் கோயிலுக்கும், நகரத்துக்குள்ளே 1873-இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயிலுக்கும் காரணமானவர் தம்புசாமி பிள்ளை. அவர் முழுப்பெயர் காயாரோகணம் தம்புசாமி பிள்ளை. காயாரோகணம் எங்கள் ஊர்ச் சிவன் பெயர். சிங்கப்பூரில் பிறந்த மனிதரின் அப்பாவுக்கு நாகப்பட்டினத்துச் சாமி பெயர் என்பதைக் கல்வெட்டில் படித்ததும், கூட வந்தவர்களிடம் நான் ரொம்ப நேரம் அலட்டிக்கொண்டேன். அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

மலாக்காவுக்கு இரவு பஸ். விடிகாலையில் இறங்கினால் ஆற்றங்கரை காலியாக இருக்கும். பத்து மணிக்குமேல் போனால் பூவும் பொம்மையும் கட்டிய மூன்று சக்கர சைக்கிள்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு சுற்றும். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. இருந்தாலும் நான் தேடுகிற கணக்குப்படி பார்த்தால் அந்த ஓட்டுநர்களுக்குத்தான் அங்கே நிஜமாக வேலை இருக்கிறது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

போர்த்துக்கீசியர் 1511-இல் பிடித்துக் கட்டிய கோட்டையில் ஒரே ஒரு வாசல்தான் பாக்கி. ஆங்கிலேயர்கள் 1807-இல் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது தப்பியது. டச்சுக்காரர்கள் 1753-இல் முடித்த சிவப்புத் தேவாலயம், சவேரியார் உடலைக் கோவாவுக்குக் கொண்டுபோகுமுன் சில மாதம் வைத்திருந்த குன்று, எல்லாம் அரை மணி நடையில். இவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். தங்க வேலைக்காரர் தெருவில், அதாவது ஜாலான் துக்காங் எமாஸில், 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில். சில அடிகள் தள்ளி 1748-இல் எழுந்த பள்ளிவாசல், அதற்கும் பக்கத்தில் நாட்டின் மிகப் பழைய சீனக் கோயில். மூன்றிலும் காலை வேளையில் வழிபாடு நடந்தபடியே இருக்கிறது.

என்னை நிறுத்திவைத்தது காஜா பெராங்கில் இருக்கிற கம்போங் செட்டி. இங்கே வாழ்கிறவர்கள் மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழி வந்தவர்கள். ஐநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயா, சாரோங். பெயரில் பிள்ளை, நாயக்கர், ராஜா எல்லாம் இருக்கும். மதம் மட்டும் சைவம், அதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. 1822-இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில்தான் தெருவின் நடு.

வாசலில் மாவிலை கட்டியிருந்த ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் திண்ணையைக் கழுவிக்கொண்டிருந்தார். கேண்டீனில் பழகிய என் அரைகுறை மலாயில் வணக்கம் சொல்லி, தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறேன் ஆன்டி என்றேன். உடனே துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். பொங்கலுக்கு முந்தின நாள், நம் போகி அன்று, அவர்கள் வீட்டில் முன்னோர்களுக்குப் படையல். வாழையிலை விரித்து, செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். நாசி லெமாக், சம்பால், கோழி, பலகாரம்; அந்தத் தாத்தாவுக்குப் பிடித்த சாராயம் இருந்தால் அதுவும். உங்கள் வீட்டில் எத்தனை இலை போடுவீர்கள் என்று கேட்டார். எங்கள் வீட்டில் போகிக்குப் பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்திவிட்டுக் குளிக்கப் போவோம், படையலெல்லாம் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும்தான் என்றேன். அந்த அம்மா முகத்தில் வந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டுமே. தமிழ்நாட்டில் எல்லோரும் இன்னும் ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். “சரி சரி, இப்போதெல்லாம் இளசுகள் அப்படித்தான்” என்று மலாயில் சொல்லி என்னை மன்னித்துவிட்டார்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நான் இருக்கிற ஊர், அதனால் அதன் மேல்தான் கோபமும் அதிகம்.

2008-இல் மலாக்காவோடு சேர்த்து இந்த ஊரை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். சுற்றுலாவால்தான் பழைய குடிகள் வெளியேறினார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏற்ற முடியாதபடி ஒரு சட்டம் பிடித்து வைத்திருந்தது. கீழே கடை, மேலே வீடு. ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ சொற்ப வாடகையில் தலைமுறையாக இருக்கும். வீட்டுக்காரருக்கு அதில் லாபமில்லை; அதனால் இடித்துக் கட்டவும் இல்லை, ஓட்டை மாற்றவும் இல்லை. இன்று நாம் படம் எடுக்கிற தெருக்கள் முழுசாக நிற்பதே அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில். அதை 1997-இல் ரத்து செய்து, அவகாசம் கொடுத்து, 2000 ஜனவரி முதல் முழுசாக எடுத்துவிட்டார்கள். வாடகை எகிறியது, ஆட்கள் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங் பக்கம் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். கட்டடத்தைக் காத்த சட்டமும் குடியிருந்தவர்களைக் காத்த சட்டமும் ஒன்றுதான் என்பது போன பிறகுதான் தெரிந்தது. நாகூர் தர்கா இருக்கிற சூலியா தெருவிலேயே இன்று எங்கே பார்த்தாலும் தங்கும் விடுதியும் மதுக்கடையும்.

பினாங்குத் தெருவும் குயின் தெருவும் மார்க்கெட் தெருவும் சேர்கிற பகுதி மட்டும் இன்னும் வேறு. புடவைக்கடை, மளிகை, நகைப்பட்டறை, பாட்டு அலறும் குறுந்தட்டுக் கடை. 1833-இல் கோயிலாக எழுந்த மகாமாரியம்மனுக்கு எதிரே பூக்கட்டுகிறவர்கள். கோவிலில் கல்யாணம் முடிந்தால் தெரு முழுக்கக் கார். இந்தியாவிலிருந்து வருகிற நம் ஆட்கள், “இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? நம் ஊர்க் கடைத்தெருதானே” என்பார்கள். அதேதான். அதற்காகத்தான் அதைப் பார்க்கச் சொல்கிறேன்.

முழு ஊரும் மறுபடி அதன் ஆட்கள் கைக்கு வருகிற நாளைப் பார்க்க வேண்டுமானால் தைப்பூசத்துக்கு முந்தின நாள் வர வேண்டும். பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் கிளம்பும். 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த தேர் அது. குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலிலிருந்து 2017 முதல் தங்கத்தேர். இரண்டு தேர் ஏன் என்று பினாங்குத் தமிழரிடம் கேட்காதீர்கள், அன்றைய பொழுது போய்விடும். தேர் போகிற வழியெல்லாம் தேங்காய் மலைமலையாகக் குவிந்திருக்கும். லாரியில் கொண்டுவந்து இறக்கி, குடும்பம் குடும்பமாக உடைக்கிறவர்களில் சீனர்கள் ஏராளம். சாலையில் கணுக்கால் வரை இளநீர். தண்ணீர்மலை அடிவாரம் வரை இரு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள், அதற்கு அப்பால் மலைமேல் பாலதண்டாயுதபாணிக்கு 513 படி.

போன வருடம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு பந்தலுக்கு எதிரே நல்ல கோணம் பார்த்து நின்றிருந்தேன். பந்தலுக்குள்ளிருந்து ஓர் அக்கா குரல் வந்தது. “தம்பி, எவ்வளவு நேரமா போட்டோவே எடுத்துக்கிட்டு இருப்பீங்க? கைல வேலை ஒண்ணும் இல்லன்னா இந்த ஐஸ் மூட்டைய உள்ள இழுத்துப் போடுங்க லா, மோர் சூடாவுது.” இழுத்துப் போட்டேன். அப்புறம் குவளை கழுவச் சொன்னார், அப்புறம் மோர் ஊற்றச் சொன்னார். தேர் அந்த இடத்தைத் தாண்டிப் போனபோது என் இரண்டு கையும் அண்டாவுக்குள் இருந்தது. படம் ஒன்றும் இல்லை. இந்த வருடத்துக்கு இப்போதே பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், மாலை நாலு மணிக்கு வரச் சொல்லி.